நாலாவது தோட்டா

யேசு மரி சூசை

செமினி,
20 செப்டம்பர் 1931

அன்புள்ள மாப்பிள்ளை பேசிலுக்கு, அத்தான் மரியநாயகம் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் உர்சுலாவும் சர்வேசுரன் கிருபையால் சுகம். பிரிக்ஃபீல்ட்ஸில் நீயும் பெர்னடெட்டும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு இது நாலாவது மாதம் அல்லவா? முன்பு இரண்டு தடவை நடந்ததை நினைத்து அவள் பயப்பட வேண்டாம் என்று உர்சுலா சொல்லச் சொன்னாள்.

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. ஆகஸ்டு கடைசியிலிருந்து எனக்கு உடம்பு சரியில்லை. காஜாங் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தேன். இப்போது தேவலை. பார்க்க வர வேண்டாம். இங்கே லயத்து வீடுகளில் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, பெர்னடெட் இருக்கும் நிலையில் நீ வந்துபோவது சரியல்ல.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் துப்பாக்கி வந்திருக்கிறதாமே. கோலாலம்பூர் கடைகளில் விசாரித்து, நம்பிச் சுடக்கூடியதாக ஒன்று பார். பழையதானாலும் பாதகமில்லை. எண்பது வெள்ளிக்கு மேல் என்னால் முடியாது.

நம் தோட்டத்தில் பாதி சனத்தைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பியாகிவிட்டது. ரப்பர் விலை அப்படி. மிச்சம் இருப்பவர்களில் என்னைப் போல் ஒரு துப்பாக்கிக்காரன் எதற்கு என்று துரை கேட்கிறார். காட்டுப்பன்றியோ இளம் ரப்பர் கன்றுகளைத் தோண்டித் தின்று தீர்க்கிறது. ஈஸ்டருக்குள் நல்ல துப்பாக்கியோடு வந்து, அவர் கண் முன்னால் பன்றி சுட்டுக் காட்டினால் வேலையும் வீடும் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த கப்பல் பட்டியலில் எங்கள் இரண்டு பேர் பேரும் இருக்கும். உன் அக்காள் இந்த நாட்டில், காப்பாரில் பிறந்தவள். நாகப்பட்டினத்தில் அவளுக்கு யாரைத் தெரியும்?

உங்கள் நலத்துக்கு மன்றாடும்,
மரியநாயகம்.

---

யேசு மரி சூசை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
27 செப்டம்பர் 1931

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு பேசில் எழுதிக்கொண்டது. இங்கே இருவரும் நலம். பெர்னடெட் மாங்காய் ஊறுகாயாகச் சாப்பிடுகிறாள், வேறு குறையில்லை. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இப்போது சொல்கிறீர்களே, இது நியாயமா? நான் என்ன, மூன்றாம் வீட்டுக்காரனா?

உடனே புறப்பட்டிருப்பேன். ஆனால் ரயில்வே ஸ்டோரில் பன்னிரண்டு கிளார்க்கில் ஐந்து பேரை நிறுத்திவிட்டார்கள். மீதி ஏழு பேருக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

துப்பாக்கி விஷயம். அத்தான், நீங்கள் எப்போது இவ்வளவு நாகரிகமானவராக ஆனீர்கள்? தானாகத் தோட்டா ஏறுகிற துப்பாக்கி சீமான்கள் வைத்துக்கொள்வது. அதில் ஐம்பது உறுப்பு, ஒன்று முரண்டு பிடித்தாலும் பன்றி உங்களைப் பார்த்துச் சிரிக்கும். இரட்டைக்குழல் துப்பாக்கியில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? நாலு வருஷத்துக்கு முன் கிள்ளான் ஏலத்தில் நான் எடுத்துக் கொடுத்தேனே, குழல் முழுக்க அலையலையாகக் கோடு ஓடுமே, அதற்கு என்ன வந்தது?

ஆகஸ்டில் மாதா திருநாளுக்கு அனுப்பிய தோட்டாப் பெட்டி கிடைத்ததா? அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. சீமைக்குத் திரும்பிய ஒரு இன்ஜினியர் துரையிடம் கெஞ்சி வாங்கினேன். எல்லாம் புகையில்லா மருந்து போட்டது. உங்கள் பழைய கறுப்பு மருந்துத் தோட்டா மாதிரி கண்ணை மறைக்காது. அப்பா போன பிறகு அக்காளுக்குச் சீர் செய்ய வேண்டியவன் நான்தானே. இந்த வருஷச் சீர் அது. எத்தனை பன்றி விழுந்தது?

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பேசில்.

---

யேசு மரி சூசை

செமினி,
11 அக்டோபர் 1931

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நாங்கள் சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

தோட்டாப் பெட்டி வந்தது. நல்ல பலமான தோட்டா. மிச்சம் பத்திரமாக இருக்கிறது.

பழைய துப்பாக்கி இனி உதவாது. இரட்டைக்குழலும் வேண்டாம். இரண்டு வெடி வெடித்ததும் மடக்கித் திறந்து, தோட்டா மாற்றி, மூடுவதற்குள் பன்றிக்கூட்டம் போய்விடுகிறது. ஆகையால் ஆட்டோமேட்டிக்கே பார்.

கடைக்காரரிடம் இவற்றைக் கேட்டு எழுது. எடை எவ்வளவு? முன்பாகத்தை ஒரு கவட்டைக் கம்பின் மேல் வைத்துச் சுட்டால் சரியாக வேலை செய்யுமா? முதல் தோட்டாவுக்கு ஒரு கைப்பிடியை இழுக்க வேண்டுமாமே, அதற்கு எவ்வளவு பலம் வேண்டும்? தோட்டா நிரப்புவதை வலது கையால் மட்டுமே செய்ய முடியுமா?

வேறு விசேஷமில்லை.

மரியநாயகம்.

---

யேசு மரி சூசை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
2 நவம்பர் 1931

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு, நலம், நலம் அறிய ஆவல். இன்று ஆத்துமாக்கள் திருநாள். அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். அக்காள் பேரிலும் ஒன்று ஏற்றினேன்.

பத்து ரோடு கடைத்தெருவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளி துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறார். அங்கே ரிப்பேர் மேசையில் இருப்பவர் நம் ஆள், சின்னையா என்று பெயர். முன்பு செந்தூல் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர் வேலை பார்த்தவர். விற்கிறவன் பேச்சைவிட ரிப்பேர் பார்க்கிறவன் பேச்சை நம்பலாம் என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கடையில் மூன்று ஆட்டோமேட்டிக் இருக்கிறது. புதியது நூற்று முப்பது வெள்ளி, அதைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. இரண்டாவது அறுபதுக்குக் கிடைக்கும், கட்டையில் விரிசல். சின்னையா தலையை ஆட்டிவிட்டார். மூன்றாவது பெல்ஜியத்தில் செய்தது, ஆறு வருஷப் பழசு, தொண்ணூற்றைந்து சொல்கிறார்கள். உள்ளே பித்தளை வளையம் ஒன்று இருக்கிறது. தோட்டாவின் பலத்துக்குத் தக்கபடி அதை மாற்றி வைக்க வேண்டும். மறந்தால் தோளை உதைத்துத் தள்ளும். வாங்கும்போது வளையம் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியமாம்.

இன்னொன்றும் சொன்னார். "சார், காகிதத் தோட்டா இந்த ஊரு ஈரத்துக்கு ஊதிக்கும். ஊதினா உள்ளாற சிக்கிக்கும். அப்புறம் ஆட்டோமேட்டிக் என்னா, வெறும் கட்டதான் லா. பிஸ்கட் டின்னுல போட்டு மெழுகு ஒட்டி வைக்கச் சொல்லுங்க."

உங்கள் கேள்விகளையும் கேட்டேன். எடை ஆறு காட்டி, அதாவது எட்டு ராத்தல். கவட்டைக் கம்பில் வைக்கலாம், அழுத்திப் பிடிக்கக் கூடாது. கைப்பிடி கொஞ்சம் முரடு. தோட்டாவை வலது கையால் நிரப்பலாம், பழக வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, "கேக்கறவருக்குக் கையில ஏதாச்சுமா சார்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அத்தான் கோயில்ல வயலின் வாசிக்கிறவரு, அவரு கை மாதிரி செமினியிலேயே கெடையாது" என்றேன்.

பழைய துப்பாக்கியை எனக்கு அனுப்பிவையுங்கள். கொடுத்து மாற்றினால் விலை எண்பதுக்கு இறங்கும். டிசம்பரில் எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு உங்களைப் பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
பேசில்.

---

யேசு மரி சூசை

செமினி,
22 நவம்பர் 1931

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நாங்கள் சுகம். பெர்னடெட் பளுவானதைத் தூக்க வேண்டாம்.

பழைய துப்பாக்கியை அனுப்ப முடியாது. அதை இனி யார் கையிலும் கொடுக்க எனக்கு மனம் இல்லை. காரணம் கேட்காதே.

பெல்ஜியம் துப்பாக்கியே நல்லது என்று படுகிறது. தை மாதத்துக்குள் நான் ஏதாவது செய்து விலையைச் சரிக்கட்டுகிறேன். லைசென்ஸ் தோட்டத்தின் பேரில் இருக்கிறது, துரையின் கடிதம் இத்துடன். அந்தத் துப்பாக்கி வேறு யாருக்கும் போய்விடாமல் தவுக்கேயிடம் சொல்லி வை. இங்கே நேற்று இன்னும் பதினொரு குடும்பம் லோரியில் ஏறிப் போனது. எங்கள் அடுத்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.

டிசம்பரில் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். மழையில் பாலம் போய்விட்டது. வராதே.

மரியநாயகம்.

---

யேசு மரி சூசை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
14 டிசம்பர் 1931

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, நாங்கள் நலம். நீங்களும் அப்படித்தான் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள், நானும் நம்புகிறேன்.

ஆனாலும் எனக்கு மனத்தாங்கல். முதலில் அம்மை, இப்போது பாலம். காஜாங் பஸ்காரனைக் கேட்டேன், பாலம் பத்து நாளைக்கு முன்பே சரியாகிவிட்டதாம். அக்காள் மூன்று மாதமாக என்னை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. முன்பெல்லாம் உங்கள் கடிதத்தில் பாதி அவள் சொல்லச் சொன்னதாகத்தான் இருக்கும். நான் என்ன தப்பு செய்தேன்? தப்பு இருந்தால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இப்படி ஒதுக்கி வைக்க வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கு வயலின் கம்பி ஒரு முழு செட் அனுப்பியிருக்கிறேன். சீமைக் கம்பி, நரம்பில் வெள்ளி சுற்றியது. பூசையில் நீங்கள் வாசிக்கும்போது அக்காள் கண்ணை மூடிக்கொள்வாளே, அதை நினைத்துக்கொண்டே வாங்கினேன்.

உங்கள்,
பேசில்.

---

யேசு மரி சூசை

செமினி,
29 டிசம்பர் 1931

அன்புள்ள மாப்பிள்ளை பேசிலுக்கு, உங்கள் இருவருக்கும் கர்த்தர் பிறந்த திருநாள் வாழ்த்து.

கம்பி வந்து சேர்ந்தது. உயர்ந்த கம்பி. இந்த வருஷம் பூசையில் நான் வாசிக்கவில்லை. பாலன் என்கிற பள்ளிக்கூட வாத்தியார் ஆர்மோனியம் வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அப்படி இனி எழுதாதே.

மரியநாயகம்.

---

யேசு மரி சூசை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
18 ஜனவரி 1932

அத்தான், இதைப் பார்த்தவுடன் நான் அனுப்பிய தோட்டாவைக் கிணற்றில் போடுங்கள். ஒன்றையும் பழைய துப்பாக்கியில் போட வேண்டாம். நலம் விசாரிப்பதைப் பிறகு எழுதுகிறேன்.

இன்று பெல்ஜியம் துப்பாக்கியைச் சின்னையா பிரித்துக் காட்டினார். பேச்சுவாக்கில் என் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிள்ளான் ஏலத்தில் நான் எடுத்த துப்பாக்கி, குழலில் அலை மாதிரி கோடு, அதற்குப் புகையில்லாத் தோட்டா வாங்கி அனுப்பியது எல்லாம். அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், அந்தக் கோடு போட்ட குழலு இரும்புப் பட்டையச் சுத்திச் சுத்தி அடிச்சுச் செஞ்சது. கறுப்பு மருந்துக்குத்தான் தாங்கும். புகையில்லா மருந்து ஒரேயடியா அழுத்தும் சார். முதல்ல குழலு வீங்கும், அப்புறம் வெடிக்கும். எடது கை புடிக்கிற எடத்துலதான் வெடிக்கும்" என்றார்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். வலது கையால் மட்டுமே நிரப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூசையில் வாசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அத்தான், உங்கள் கை எப்படி இருக்கிறது?

பேசில்.

---

செமினி,
2 பிப்ரவரி 1932

அன்புள்ள தம்பி பேசிலுக்கு, அக்காள் உர்சுலா ஆசீர்வாதம். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். உன் கடிதம் வந்து பத்து நாளாக அவர் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

ஆகஸ்டு இருபத்தாறாம் தேதி நடந்தது. இடது கையில் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் மூன்றும் போய்விட்டது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இருக்கிறது, மடங்காது. நான் தண்ணீர்க் குழாயடியில் இருந்தேன். சத்தம் வேறு மாதிரி கேட்டது. ஓடினேன்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று செபமாலையின் மேல் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பெர்னடெட்டுக்கு இரண்டு தடவை தவறிப்போனது, இது தெரிந்தால் நீ அங்கே உடைந்து போவாய், அது அவளையும் பாதிக்கும் என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் பேசில், பொய் சொல்ல மாட்டேன், உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. உன்னை விசாரிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ அனுப்பிய கம்பியை அவர் வயலின் பெட்டிக்குள் வைத்து மூடியபோது, உன்னை மனத்துக்குள் திட்டினேன். அந்தக் கோபம் இப்போது இல்லை. உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் போய்விட்டது.

துரைக்கு விஷயம் தெரியும். கை போனவனைக் கப்பலேற்று என்று ஆபீஸ் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி சொன்னார். துரைதான் ஈஸ்டர் மட்டும் தவணை கொடுத்தார். இன்னும் எட்டு வாரம் கூட இல்லை. துப்பாக்கியை அனுப்பு. என் சங்கிலியை விற்று மீதிப் பணம் வைத்திருக்கிறேன். கைப்பிடியை அவரால் இழுக்க முடியாவிட்டால் நான் இழுக்கிறேன். தோட்டாவும் நானே போடுகிறேன். அவர் சுட்டால் போதும்.

உன் அக்காள்,
உர்சுலா.

---

பிரிக்ஃபீல்ட்ஸ்,
8 பிப்ரவரி 1932

அக்காளுக்கும் அத்தானுக்கும் பேசில் எழுதுவது.

மூன்று தாள் கிழித்துவிட்டேன். எழுத வரவில்லை. பெர்னடெட்டிடம் சொன்னேன். நான் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. அவள்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

துப்பாக்கியை வாங்கிவிட்டேன். சின்னையா வளையத்தை மாற்றி, கைப்பிடி வில்லைத் தளர்த்திக் கொடுத்தார். என் முன்னால் இருபது தோட்டா சுட்டுப் பார்த்தார். அதற்குரிய தோட்டாதானா என்று நான் நாலு தடவை கேட்டேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கொண்டுவருகிறேன். வராதே என்று எழுத வேண்டாம், எழுதினாலும் வருவேன்.

பேசில்.

---

யேசு மரி சூசை

செமினி,
10 ஏப்ரல் 1932

அன்புள்ள மாப்பிள்ளை பேசிலுக்கு, அத்தான் எழுதுவது. நானும் உர்சுலாவும் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். பெர்னடெட்டும் பிள்ளையும் நலம் என்று உன் கார்டு பார்த்து உர்சுலா அழுதாள். பெண் பிள்ளை நம் வீட்டுக்கு நல்லது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலையில் துரை வந்து நின்றார். உர்சுலா தோட்டா போட்டு, கைப்பிடியை இழுத்து என்னிடம் கொடுத்தாள். கவட்டைக் கம்பில் வைத்தேன். காவல்காரர்கள் புதரை அடித்ததும் ஏழு பன்றி ஓடி வந்தது. முதல் வெடி தப்பிவிட்டது. பழைய துப்பாக்கியாக இருந்தால் ஒன்றுதான் மிச்சம். இரண்டாவதில் ஒரு பெட்டை விழுந்தது, மூன்றாவதில் ஆண் பன்றி. துரை கிட்டே போய் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். பிறகு, "உன் மனைவி தினமும் கூட வருவாளா?" என்றார். வருவாள் என்றேன். பட்டியலில் எங்கள் பேரை அடித்துவிட்டார்.

நீ வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாய். மன்னிப்புக் கேட்டாய். நான் தலையை ஆட்டினேனே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. நேரில் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

உன் தோட்டாவில் எட்டு சுட்டேன். குழல் வெடித்தது எட்டாவதில். அதற்கு முன் ஐந்தாவது சுட்டபோதே கன்னத்தில் அறைந்த மாதிரி உதை. துடைக்கும்போது குழலில் விரலுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது. என்னமோ சரியில்லை என்று அன்றே எனக்குத் தெரியும், பேசில். உனக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். நீயும் யாரையாவது கேட்டுச் சொல்லியிருப்பாய். நான் எழுதவில்லை. சீராக வந்ததைச் சரியில்லை என்று எப்படி எழுதுவது? உன் அக்காளைக் கட்டிய நாளிலிருந்து உங்கள் வீட்டிலிருந்து வந்த எதையும் நான் குறை சொன்னதில்லை. உன் அப்பா அனுப்பிய செருப்பு கடித்தபோதும் போட்டுக்கொண்டு நடந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையோடு இன்னும் மூன்று சுட்டேன்.

நடந்ததற்கு உன் அறியாமை பாதி காரணம் என்றால், என் மரியாதை பாதி. முதலில் மூன்று மாதத்துக்கு மேல் சுகம், சுகம் என்று எழுதி மறைத்தேன்; உனக்குத் தெரிந்த பிறகும் இரண்டையும் உன் தலையிலேயே சுமக்க விட்டேன். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி அப்படி இல்லை. ஆகையால் எழுதுகிறேன்: நீ வாங்கிக் கொடுத்த துப்பாக்கியில் ஒரு குறை இருக்கிறது. மூன்று தோட்டா ஒழுங்காக வெடிக்கிறது, நாலாவது தோட்டா சிக்குகிறது. தோட்டா பிஸ்கட் டின்னில் காய்ந்துதான் இருக்கிறது, அதன் மேல் தப்பில்லை. சின்னையாவிடம் கேட்டு உடனே பதில் போடு. அதுவரை மூன்றுக்கு மேல் போட வேண்டாம் என்று உர்சுலாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ கொண்டுவந்த காப்பித்தூள் பழசு, சிக்குவாடை அடிக்கிறது என்று அவள் எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

உன் அன்பு அத்தான்,
மரியநாயகம்.